தையல் மேசையில் போக்கர்

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும் நான் யாரிடமும் ஒழுங்காகப் பேசுவதில்லை. பெரம்பலூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் என் தையல் கடை. ஜாக்கெட்டும் சுடிதாரும் கட்டுக்கட்டாக வந்து விழும். சாப்பிடும்போதும் கழுத்தில் இஞ்சு டேப் தொங்கும். தூக்கத்தில் நான் யாருக்கோ கை அளவு எடுத்துக்கொண்டிருந்ததாக வீட்டுக்காரர் சொல்லுவார். இந்த வருஷமும் அப்படித்தான். கடைசி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கட்டிங் மேசை வெறுமையாகக் கிடந்தது. அதன்மேல் ஒரு துண்டுத் துணிகூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கும் எதற்கும் உதவாத ஒரு காரியத்தை இந்த மேசையில் ஒரு நாள் முழுக்கச் செய்ய வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அந்தக் காரியத்தைக் கொண்டுவந்தவன் என் தம்பி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கிறான். ஒரு மாத லீவில் வந்திருந்தான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். விக்கிரமங்கலத்தில் ஓர் இடம் ஏறக்குறைய அமைந்து, போட்டோ கைமாறி, அடுத்த வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகப் பேச்சு. அதுவரை அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது போக்கர் ஆடுறதுக்குன்னே செஞ்ச மாரி இருக்கு" என்றான். சிங்கப்பூரில் அவன் அறையில் தங்கியிருக்கும் பிலிப்பைன்ஸ்காரர் சொல்லிக்கொடுத்த ஆட்டமாம்.

ஆட்டம் கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு, அடுத்தவருக்குக் காட்டக் கூடாது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு ஒவ்வொன்றாக விழும். கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாருக்கு நல்ல ஜோடி அமைகிறதோ அவருக்கு ஜெயம். கையில் ஒன்றுமே இல்லாதவனும் இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடுத்தவனைப் பயமுறுத்தி ஜெயிக்கலாம். "அது ஒண்ணு போதும்டா, நாம ஞாயித்துக்கிழம போட்டியே வெக்கலாம்" என்றேன்.

வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். அதிகம் பேச மாட்டார். "காசு கீசுன்னு இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். காசு எதற்கு, எங்களிடம்தான் பட்டன் இருக்கிறதே. சட்டை பட்டன் ஒன்று. கோட்டு பட்டன் பத்து. ஜாக்கெட் முதுகில் கட்டித் தொங்கவிடும் குஞ்சம் நூறு. தம்பி இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூட முடியாமல் உட்கார்ந்துவிட்டான். ஜெயிக்கிறவருக்குப் பரிசு, அலமாரியில் பிரிக்காமல் இருந்த ஒரு ஹாட்பாக்ஸ். அது எங்களுக்கு யாரோ கொடுத்தது. அவர்களுக்கும் யாராவது கொடுத்திருப்பார்கள்.

மொத்தம் ஆறு பேர் சேர்ந்தோம். நான், வீட்டுக்காரர், தம்பி, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் சார், அவர் வீட்டு அம்மா, என் கடையில் துணி வெட்டும் அக்கா. கட்டிங் அக்கா குரும்பலூரிலிருந்து வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளிலும் கத்தரிக்கோலோடு வந்துவிட்டார். "பழக்கம் தங்கச்சி, கையில ஏதாச்சும் இருக்கணும்" என்றார்.

சனிக்கிழமை முழுக்க ஏற்பாடு. மேசைமேல் பச்சைத் துணி விரிக்க வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தான். பள்ளிக்கூட யூனிபார்மில் மிஞ்சிய பச்சைத் துணியை மூட்டி, ஓரம் மடித்து அடித்துக் கொடுத்தேன். பட்டன்களை ஆறு டிபன் டப்பாவில் பிரித்து வைத்தோம். ஒத்திகைக்காக நாங்கள் மூவரும் நாலைந்து ஆட்டம் ஆடிப் பார்த்தோம். அதில் என் வீட்டுக்காரர், ஜெயித்தாலும் தோற்றாலும், "சரி" என்று ஒரே மாதிரி சொன்னார்.

ஞாயிறு மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. தம்பி நின்றுகொண்டு விதிகளைச் சொன்னான். ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் பட்டன் வைத்தாக வேண்டும் என்றதும், கண்டக்டர் சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அப்ப அது டிக்கெட்டு. ஏறுனா எடுத்தே ஆவணும்" என்றார்.

"ஆமாங்க சார். பிடிக்கலன்னா சீட்ட கவுத்துட்டு வெளிய போயிரலாம்."

"அது எறங்குறது. தொடர்ந்து வரேன்னா, போலாம் ரைட்."

தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வார்த்தைகள் அத்தோடு காலியாகிவிட்டன. அன்றைக்கு முழுக்க நாங்கள் டிக்கெட் எடுத்தோம், இறங்கினோம், ரைட் என்றோம். அரை மணிக்கு ஒருமுறை டிக்கெட் இரட்டிப்பாக வேண்டும் என்று தம்பி சொன்னான். அப்போதுதான் ஆட்டம் முடியுமாம். கடிகாரத்தை யார் பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்டேன். "நம்ம தெரு வழியா டவுன் பஸ் போவுதுல்ல. பஸ் போனா டிக்கெட் ஏறும்" என்றார் சார். எல்லோருக்கும் இது ரொம்ப நியாயமாகப் பட்டது.

முதல் ஆட்டத்திலேயே சார் தன் டப்பாவை அப்படியே கவிழ்த்து எல்லாப் பட்டனையும் நடுவில் தள்ளினார். கையில் இரண்டு ஜாக்கி வைத்திருந்தார். என் வீட்டுக்காரரிடம் மூன்று எட்டு சேர்ந்துவிட்டது. போட்டி தொடங்கிக் காபி ஆறுவதற்குள் சார் வெளியே. அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் பழைய விசிலை எடுத்துக்கொண்டு வந்து, "இனிமே நான்தான் நடத்துறது" என்று மேசைத் தலைமாட்டில் நின்றுகொண்டார். அதன் பிறகு சீட்டுப் போட ஒரு விசில், நிறுத்த இரண்டு விசில்.

என் பாடு வேறு. நல்ல சீட்டு வந்தால் எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்துவிடும். இரண்டு ராஜா வந்தது, சிரித்தேன், எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இரண்டு ஆஸ் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன், அப்போதும் இறங்கிவிட்டார்கள். சரி, மோசமான சீட்டுக்கும் சிரித்துவைப்போம் என்று சிரித்துப் பார்த்தேன். கட்டிங் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "இது கஷ்டமருகிட்ட சிரிக்கிற சிரிப்பு" என்று சொல்லி இரண்டு குஞ்சத்தை முன்னே வைத்தார். என் டப்பா பாதியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்தது. சார் விசில் அடித்து டிக்கெட்டை இரட்டிப்பாக்கினார். விசில் சத்தம் அடங்குவதற்குள் பின்னாலேயே இன்னொரு பஸ். முன்னது தாமதமாகி வந்தது போல. "இதுவும் பஸ்ஸுதான்" என்று சார் மறுபடி விசில் அடித்தார். அவர் வீட்டு அம்மா, "யோவ், எங்கிட்ட இருக்கறதே அஞ்சு பட்டன்யா" என்று கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. அவரும் நானும் அடுத்தடுத்த ஆட்டத்தில் காலி. நாங்கள் இருவரும் மேசை ஓரத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழுத்தம் போன பிறகு வரும் சிரிப்பு அது.

மிச்சம் மூன்று பேர். வீட்டுக்காரர், தம்பி, கட்டிங் அக்கா. அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

வெள்ளை வேட்டியில் ஒருவர் இறங்கினார். பின்னால் அவருடைய அக்கா, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு. போட்டோவில் பார்த்த முகம்தான். பெண்ணின் அப்பா.

"அக்காவுக்குக் கண்ணு காட்ட வந்தோம். வந்த எடத்துல உங்களயும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரலாம்னு" என்று அவர் செருப்பைக் கழற்றினார்.

பக்கத்தில் கிடந்த ஒரு பட்டுத் துணியை எடுத்து மேசைமேல் போட்டு, சீட்டு, பட்டன், குஞ்சம் எல்லாவற்றையும் ஒருசேர மூடினேன். "வாங்க மாமா, வாங்கம்மா, உக்காருங்க. தச்சிக்கிட்டு இருந்தோம்" என்றேன். தம்பி சீட்டு பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். எல்லாம் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போயிற்று. தெருவில் மறுபடி பஸ் வந்தது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் சார், யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல், விசிலை ஊதிக்கொண்டே வெளியே வந்து, "டிக்கெட் எரட்டிப்பு, சீட்டப் போடுங்க" என்றார்.

பெண்ணின் அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பட்டுத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"சீட்டு" என்றார் தம்பியிடம். அவருடைய தம்பியிடம்.

அவர் மேசைக்கு வந்தார். "காசு வெச்சா?"

"இல்லீங்க மாமா, பட்டன்தான்" என்றான் என் தம்பி.

அவர் ஒரு கோட்டு பட்டனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குஞ்சத்தை எடுத்தார். "இது?"

"நூறுங்க."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சம்பந்தம் போயிற்று என்று நான் முடிவே பண்ணிவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் எழுந்து, "மாமா, நீங்க வந்துருக்கீங்க, வூட்ல ஒண்ணும் இல்ல. நான் போயி மிச்சரும் ஸ்வீட்டும் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று சைக்கிள் சாவியைத் தேடினார்.

"அப்ப ஒங்க பட்டனு?" என்றார் கண்டக்டர் சார். அவருக்குப் போட்டி முக்கியம். "ஆளு இல்லாம டப்பா மட்டும் மேசையில இருக்கக் கூடாது."

வீட்டுக்காரர் ஒரு கணம் யோசித்தார். "மாமா, எனக்குப் பதிலா நீங்க ஆடுங்களேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் செய்த மிகத் துணிச்சலான காரியம் இதுதான்.

பெண்ணின் அப்பா உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "எப்படி ஆடறது, சொல்லுங்க" என்றார்.

சார் சொல்லிக்கொடுத்தார், பஸ் பாஷையில். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் காபி டம்ளரோடு நின்றதால் அவருடைய சீட்டு எனக்குத் தெரிந்தது. இரண்டாம் ஆட்டத்திலேயே ஒன்றுக்கும் ஆகாத ஒரு மூன்றையும் ஒரு எட்டையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு குஞ்சத்தைத் தூக்கி வைத்தார். முகம் வரப்பு மாதிரி நேராக இருந்தது. கட்டிங் அக்கா இறங்கினார். இன்னும் நாலு ஆட்டத்தில் அக்காவின் டப்பா காலி. "வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

இப்போது மாமனாராகப் போகிறவரும் மாப்பிள்ளையாகப் போகிறவனும் எதிரெதிரே. என் தம்பி ஒவ்வொரு ஆட்டத்திலும் இறங்கினான். ராணி வந்தாலும் இறங்கினானாம், ராஜா வந்தாலும் இறங்கினானாம். குஞ்சம் எல்லாம் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அத்தை பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், அந்தப் புள்ள வேணும்னே உட்டுக் குடுக்குது" என்றார் தன் தம்பியிடம்.

அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "அப்படியா தம்பி?"

என் தம்பி டப்பாவில் மிச்சமிருந்த பட்டன்களை எண்ணினான்.

"எனக்கு உட்டுக் குடுக்குற மாப்ள வேணாம். நாளைக்கு எம் பொண்ணுகிட்ட பேசறப்பவும் இப்படித்தான் ஆமா ஆமான்னு சொல்லிட்டு மனசுல வேற வெச்சிருப்பீங்களா? ஒழுங்கா ஆடுங்க."

அதன் பிறகு ஆட்டம் மாறியது. தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பட்டன் அங்கேயும் இங்கேயுமாகப் போய் வந்தது. கண்டக்டர் சார் விசிலை வாயிலேயே வைத்திருந்தார், மூச்சு விட்டால்கூட அது லேசாக ஊதியது.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. மாமாவின் கையில் ஒரு ராஜா, ஒரு பத்து. நடுவிலும் ஒரு ராஜா, ஒரு பத்து விழுந்தன. இரண்டு ஜோடி. எனக்கு அவருக்காகச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, காபி டம்ளரால் வாயை மூடிக்கொண்டேன். நடுவில் கிடந்த ஐந்தில் மூன்று, சிவப்பு இதயச் சின்னம் போட்ட ஆட்டின். தம்பியிடம் இரண்டு ஆட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே சின்னம், அது இரண்டு ஜோடியை விடப் பெரியது. தம்பி டப்பாவைக் கவிழ்த்தான். சட்டை பட்டன், கோட்டு பட்டன், குஞ்சம் எல்லாம் நடுவில்.

மாமா அவனைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. வீடியோ கால். பெண்தான். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"என்னப்பா, அத்தைக்கு என்ன சொன்னாங்க? இன்னும் கெளம்பலையா?"

"அத்தைக்கு ஒண்ணும் இல்ல. நீ ஒரு வேல பண்ணு." அவர் எங்களைப் பார்த்து, "எம் பொண்ணு கிளாஸ்ல எவன் காப்பியடிச்சான்னு மொகத்தப் பாத்தே சொல்லிரும்" என்றார். போனைத் திருப்பி என் தம்பிக்கு நேராகப் பிடித்தார். "இந்தத் தம்பி பொய் சொல்றாரா, நெசம் சொல்றாரா? பாத்துச் சொல்லு."

போட்டோவைத் தவிர இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. என் தம்பி அப்படியே சிலையாகிப்போனான். கையைத் தூக்கி வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி தூக்கி வைத்திருந்தான். காது இரண்டும் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது.

"கொஞ்சம் கிட்ட காட்டுங்கப்பா" என்றது குரல்.

மாமா போனைக் கிட்டே கொண்டுபோனார்.

"பொய்தாம்ப்பா. திருதிருன்னு முழிக்கிறாரு. என்னன்னு தெரியல, ஆனா நீங்க நம்பாதீங்க."

மாமா தன் டப்பாவை நடுவில் கவிழ்த்தார். "போலாம் ரைட்" என்றார்.

தம்பி சீட்டைத் திருப்பினான். ஆட்டின் ஆஸ். ஆட்டின் ஒன்பது.

கண்டக்டர் சார் நீளமாக விசில் அடித்தார். மாமா குனிந்து அந்த இரண்டு சீட்டையும் பார்த்தார். போனில் பெண், "என்னப்பா ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தை போனை வாங்கிச் சொன்னார், "நெசம்தான்டி வெச்சிருந்தான்."

"அப்பறம் எதுக்கு அப்படி முழிச்சாரு?"

"ஒன்னப் பாத்துத்தான்டி முழிச்சான்."

போன் பட்டென்று கட்டானது. அப்போதுதான் மாமா சிரிக்கத் தொடங்கினார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கட்டிங் அக்கா சிரித்தார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹாட்பாக்ஸைத் தம்பி இரண்டு கையாலும் ஏந்தி அத்தையிடம் நீட்டினான். "எங்க வூட்ல ஏழு கெடக்கு, நீயே வெச்சிக்க" என்றார் அவர்.

மழையில் நனைந்து மிச்சரும் அல்வாவுமாக வீட்டுக்காரர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நடந்ததைச் சொன்னோம். "சரி" என்றார்.

கிளம்பும்போது மாமா என்னிடம், "வெள்ளிக்கெழம நாங்க வர்ற வேல இல்லம்மா, வந்தாச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க எல்லாரும் அங்க வாங்க. அந்த விசில்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

போனோம். வேன் பிடித்து, பூ பழத்தோடு, நிச்சயம் பேசத்தான் போனோம். விக்கிரமங்கலத்தில் அவர் வீட்டுக் களத்தில் ஒரு பெரிய தார்ப்பாய் விரித்திருந்தது. அதில் பங்காளிகள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் மாமா எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார், முழுக்கத் தப்பாக. அவர்கள் ஆட்டத்தில் ராஜாவை விட ராணி பெரியது. ஏன் என்று தம்பி கேட்டான். "எங்க வூட்ல அப்படித்தான்" என்றார் ஒருவர்.

பட்டனுக்குப் பதில் மக்காச்சோளம். ஆளுக்கு ஒரு படி. பேச்சு வார்த்தையெல்லாம் பிறகு ஆகட்டும் என்று எங்களையும் உட்கார வைத்துவிட்டார்கள். பெண் காபித் தட்டோடு வந்தது. பெரியவர்கள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு என் தம்பிக்கு எதிரில் உட்கார்ந்தது. தம்பி தன் சோளத்தைப் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. மூன்று கோழிகள்தான் பார்த்தன. கண்டக்டர் சார் கண்டுபிடித்து விசில் ஊதுவதற்குள் அவன் குவியலில் கால்வாசிகூட மிஞ்சவில்லை. விசிலுக்கு மிரண்ட கோழி தார்ப்பாயின் குறுக்கே ஓடி எல்லோருடைய குவியலையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. எது யாருடையது என்று பங்காளிகளுக்குள் பெரிய வழக்கு.

அந்தச் சத்தத்தில் பெண் இரண்டு கையாலும் சோளத்தை அள்ளி என் தம்பி முன்னால் கொட்டியது.

"இத வெச்சிக்கங்க. கோழி இல்லாத பக்கமா நகந்து உக்காருங்க" என்றது.

அவன் நகர்ந்து உட்கார்ந்தான். தை மாதம் அரியலூரில் கல்யாணம்.